மாதிரிக்கு ஒரு குழந்தை

எங்கள் கம்பெனிச் சுவர்களில் தொங்கும் தமிழ்ப் பலகைகள் எல்லாம் நான் எழுதிக்கொடுத்தவை. பல்லடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற பனியன் ஏற்றுமதிக் கம்பெனி அது. நான் அங்கே தொழிலாளர் நல அதிகாரி. தமிழ் எம்.ஏ. முடித்து, ஒரு தனியார் பள்ளியில் சில காலம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, கட்டுபடியாகாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். வெளிநாட்டுக்காரனுக்குத் துணி தைத்து அனுப்புகிற இடம் என்றால் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் பலகை வைத்தாக வேண்டும். அதனால் கட்டிங்கை 'வெட்டும் பிரிவு' ஆக்கினேன். செக்கிங்கைச் 'சரிபார்க்கும் பிரிவு' ஆக்கினேன். சாம்பிள் செக்சனை 'மாதிரிப் பிரிவு' ஆக்கினேன். பலகையை மாட்டிய அன்றைக்கு சாம்பிள் டெய்லர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், இது மாதிரிப் பிரிவுன்னா நெசப் பிரிவு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

நம் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'மாதிரி' வருகிறது என்று யாராவது கவனித்திருக்கிறார்களா? பள்ளியில் உவமை நடத்தும்போது பிள்ளைகளுக்குப் 'போல, புரைய, ஒப்ப' என்று உருபுகளை மனப்பாடம் செய்யவைப்பேன். மணி அடித்து வெளியே போனதும் அதே பிள்ளைகள் 'அவன் கொரங்கு மாதிரி ஏறறாண்டா' என்று கத்துவார்கள். எனக்குக் கோபம் வரும். பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பரீட்சைத் தாளோடு போய்விடுகிறதே என்று. ஆனால் உண்மையில் அந்தச் சொல் என் பாடத்தைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு இடத்துக்கும் போய் ஒவ்வொரு வேலை பார்க்கிறது.

ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் என் அப்பாவுக்கு அது மண். வேளாண்மை ஆபீசிலிருந்து வந்து, "மண் மாதிரி எடுத்துக் கொடுங்க, பரிசோதிச்சு என்ன உரம் போடலாம்னு சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சோளக்காட்டில் அங்கங்கே குழி பறித்து, எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து, அதில் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டுத் தர வேண்டும். எருக்குழிப் பக்கம், மர நிழல், வரப்போரம் எல்லாம் எடுக்கக்கூடாது. என் அப்பா என்ன செய்தார் தெரியுமா? நேராக எருமை கட்டுகிற கட்டுத்தாரைக்குப் பின்னால் போய், கருகருவென்று மினுங்குகிற மண்ணாகப் பார்த்து அள்ளினார். "ஏனுங்கப்பா, அங்க எடுக்கக்கூடாதுன்னாங்களே" என்றேன். "நாலு பேரு பாக்கற மண்ணு கண்ணு. சொத்தையவா குடுத்துடறது? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றார். உங்கள் மண்ணுக்கு ஒன்றுமே போட வேண்டியதில்லை என்று முடிவு வந்தது. அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் போகம் சோளம் நோஞ்சானாக, மஞ்சள் பாய்ந்து நின்றது. அப்போதும் அவர் விதையைத்தான் திட்டினார்.

என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி வாத்தியார். தேர்தல் வந்தால் அவருக்கு மாதிரி என்றால் ஓட்டு. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் கட்சிக்காரர்களை உட்காரவைத்து மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். பொத்தானை அழுத்தி, விழுந்ததை எண்ணிக் காட்டி, பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நிஜமான ஓட்டுக்கு மிஷினைத் தயார் செய்வார்கள். அழித்தாயிற்றா, அழித்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். "அத அழிக்காம உட்டா என்ற வேலையே போயிருமுங்க அம்மிணி" என்பார். எங்கள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மாதிரி என்றால் வினாத்தாள். போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் மாதிரி வினாத்தாள் தவிர வேறு பேச்சில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள்.

கம்பெனி நர்சிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள். மிஷினை விட்டு எழுந்து அவள் அறைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே நோய்தான். என்ன செய்கிறது என்றால் "ஒரு மாதிரியா இருக்குதுங்க." தலைவலியும் அதுதான், தூக்கமில்லாததும் அதுதான், வீட்டில் சண்டையும் அதுதான். அதற்கு மாத்திரை கிடையாது. மாத்திரை கிடக்கட்டும், அதே சொல்லை ஒரு பெண்ணின் மேல் தூக்கிப்போட்டுப் பாருங்கள். 'அவ ஒரு மாதிரி' என்று சும்மா வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சொன்னால் போதும். அவள் மானம் போய்விடும். சொன்னவனைப் பிடித்து என்னடா சொன்னாய் என்று கேட்கவும் முடியாது. நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்பான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். சொல்லைப் பற்றி நன்றாகப் பேசுவேன். ஆனால் அந்தச் சொல்லை வைத்து நான் செய்த காரியத்தைப் பற்றிப் பேச வந்தால் எனக்கு நாக்கு தடுமாறுகிறது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வார்கள் அல்லவா? எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் ஆடிட் என்று ஆள் அனுப்புவது அந்தக் கணக்குத்தான். கம்பெனி முழுக்க ஒவ்வொருவராக விசாரிக்க முடியாது. மாதிரிக்குக் கொஞ்சம் பேரைத் தொட்டு, தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு நேரம் விடுகிறார்களா, திட்டுகிறார்களா, கழிப்பறைக்குப் போகவிடுகிறார்களா என்று. எங்கள் பானையில் அந்த ஒரு சோற்றை மட்டும் தனியாக நன்றாக வேகவைத்து மேலாக வைத்துவிடுவோம். வேகவைக்கிறவள் நான்தான்.

ஆடிட் வருகிறது என்றால் அதற்கு முன்பே சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து நான் கேள்வி கேட்பேன். பள்ளியில் கத்திய தொண்டை வீண்போகவில்லை. "ஏனுங்க, தீ புடிச்சா எந்த வழியில போவீங்க?" "அந்தப் பக்கமுங்க!" "ஓவர்டைம் யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களா?" "இல்லீங்க!" கோரஸாகச் சொல்வார்கள். கொங்கு வாய், மதுரை வாய், ஒடியா வாய் எல்லாம் கலந்து வரும். யாரையும் நான் மிரட்டியதில்லை. மிரட்ட வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஆர்டர் வந்தால்தான் எல்லோருக்கும் வேலை என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிறகு நான் கேட்பேன், "கொழந்தைங்க காப்பகம் எப்பத் தெறந்திருக்கும்?" "தெனமும் தெறந்திருக்குமுங்க!"

அந்தக் காப்பகம் தினமும் பூட்டித்தான் இருக்கும். அதில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தோம். 'குழந்தைகள் காப்பகம்' என்ற பலகையும் என்னுடையதுதான், பூப் போட்டு எழுதவைத்தேன். ஆடிட் அன்றைக்குப் பெட்டிகளை எடுத்துவிட்டு, சுவரைத் துடைத்து, பிளாஸ்டிக் சறுக்குமரத்தையும் ஆடுகுதிரையையும் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து வைத்து, உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டுவோம். கேன்டீனில் காய் நறுக்குகிற அம்மாளுக்கு வெள்ளை அங்கி மாட்டி ஆயா ஆக்குவோம். குழந்தைகளுக்கு ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். நாடகக்காரர்கள் கெட்டார்கள், போங்கள்.

இந்தத் தடவை அதற்கு இடைஞ்சல் வந்தது. அக்கவுண்ட்ஸ் பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை போட்டிருந்தது. இன்னொருத்தி தன் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான் என்று கையை விரித்துவிட்டாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கொழந்தையே இல்லாத காப்பகத்தக் காட்டுனா நம்மளக் கேணயன்னு நெனப்பாங்க. எப்படியாச்சும் ஒண்ணு ரெண்டு புடிங்க" என்றார். கோழிக்குஞ்சு பிடிக்கச் சொல்வதைப்போலச் சொன்னார். எனக்கு உடனே ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் நினைவு வந்தது.

அவள் தேனிப் பக்கத்துக்காரி, போன ஆடிட்டுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில், வரிசையாக இருக்கும் ஒற்றை அறைகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. பக்கத்து அறையில் இருந்த ஒரு வயதான அம்மாள் பகலில் அதைப் பார்த்துக்கொண்டாள். வாசலிலேயே வண்டி போகிற ரோடு என்பதால், குழந்தையின் இடுப்பில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டில் காலில் கட்டிவைத்துவிட்டுத்தான் அந்த அம்மாள் சமைப்பாள். இதையெல்லாம் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாளும் மருமகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் போய்விட்டால் குழந்தையைத் தேனியில் தன் தாயிடம் விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக் கண் கலங்கினாள். "பால்குடி மறக்காத பிள்ள மேடம். எப்பிடி விட்டுட்டு இருக்கப் போறேன்னு தெரியல" என்றாள். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். எனக்கு ஆட்டத் தெரிந்ததெல்லாம் தலைதான்.

அவள் மிஷினுக்குப் பக்கத்தில் போய், "நாளைக்கு உன்ற புள்ளையக் கூட்டிட்டு வந்துரு கண்ணு. காப்பகம் தெறக்கறோம்" என்றேன். அவள் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். மிஷின் நின்றது. "ஆத்தி! நெசமாவா மேடம்?" என்றாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் 'நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான்' என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்ல வாய் எடுத்தேன். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் மண்டைக்குள் வேறொரு கணக்கு ஓடியது. இவள் இப்படியே நம்பிக்கொண்டிருந்தால் நாளைக்குக் கேட்கும்போது பதில் தடுமாறாமல் வரும் என்று. சொல்லிக்கொடுத்துச் சொல்கிற பொய்யைவிட நம்பிச் சொல்கிற பொய் அழகாக இருக்கும் என்று. வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் குழந்தை வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கம்பெனியில் தள்ளுபடியான துணியில் அவளே தைத்த மஞ்சள் கவுன். முதலில் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்று வீரிட்டது. ஆடுகுதிரையைக் கண்டதும் அழுகை பாதியில் நின்றது. ஏறி உட்கார்ந்ததுதான், அப்புறம் யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. காய் நறுக்குகிற அம்மாள்கூட, "இது எங்கீங்க இத்தன நாளா இருந்துச்சு, அம்புட்டுச் சேட்டையாவுல்ல இருக்குது!" என்று சிரித்தாள். டீ நேரத்தில் தாய்க்காரி ஓடி வந்தாள். மூலையில் இருந்த தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் தண்ணீர்க் குடத்தை நகர்த்துகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். வேலை நேரத்தில் ஒருத்தி அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து அந்தக் கம்பெனியில் நான் பார்த்ததில்லை.

ஆடிட்டுக்குப் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர். இன்னொருத்தி தமிழ் தெரிந்த சின்னப் பெண். தொழிலாளிகளிடம் பேசியது அவள்தான். காப்பகத்தைப் பார்த்தபோது தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த தாயையும் பார்த்திருக்கிறாள். மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் அந்தத் தாயும் ஒருத்தி. அறைக்குள் நாங்கள் யாரும் போகக்கூடாது. நான் வராந்தாவில் நின்றேன். வெளியே வந்ததும் அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாச் சொல்லிட்டேன் மேடம். அந்தக்கா ரெண்டு வாட்டி கேட்டுச்சு. காப்பகம் தெனமும் தொறப்பாங்களா, இல்ல இன்னைக்கு மட்டுந்தானான்னு. பொய் சொன்னா கண்டுபிடிக்கிற மாதிரியே பாத்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எம்பிள்ள மேல சத்தியமா தெனமுந்தேன்னு சொல்லிட்டேன். அப்பறம் அது வாயே தொறக்கல."

பிள்ளை மேல் சத்தியம் என்பது எங்கள் பக்கத்திலும் சின்ன விஷயமில்லை. சாமி மேல், அம்மா மேல் என்று வாய்க்கு வாய் சத்தியம் செய்கிறவர்கள்கூட அதைத் தொட மாட்டார்கள். பொய்யாகப் போனால் அது அந்தப் பிள்ளையின் தலையில் விடியும் என்று பயம். அவள் பயமில்லாமல் தொட்டிருக்கிறாள். ஏனென்றால் அவளுக்கு அது பொய்யில்லை. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லி, அந்தப் பெங்களூர்ப் பெண் கிளம்புவதற்குள் ஏதாவது செய்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? அவள் தோளைத் தட்டி, "நல்லாச் சொன்ன கண்ணு" என்றேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது எனக்கு.

சாயங்காலம் ஆடிட் பாஸ் என்று முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். காப்பகத்தை மற்ற கம்பெனிகளுக்கு முன்மாதிரி என்று பெங்களூர்க்காரர் பாராட்டினாராம். மேனேஜர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். என் பங்கு மைசூர்பாகை நான் தின்னவில்லை. கைப்பைக்குள் போட்டு எடுத்துப் போய் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே அவள் கேட்டில் நின்றாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் மாற்றுக் கவுன், போர்வை, தட்டு, பால்டம்ளர். வாட்ச்மேன் உள்ளே விட மறுத்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழந்தை கையை நீட்டிக் கம்பெனிப் பக்கம் காட்டி, நாக்கை மடக்கிக் குதிரைச் சத்தம் போட்டது. "பக்கத்து ரூம் அம்மா காலம்பற பஸ்ஸுக்குப் போயிட்டாங்க மேடம். இங்க எடம் கெடச்சிருச்சு, நீங்க நிம்மதியாப் போங்கன்னு நாந்தேன் ஏத்திவிட்டேன்" என்றாள். உள்ளே காப்பகத்தில் அதற்குள் அட்டைப்பெட்டிகள் திரும்ப ஏறியிருந்தன.

கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். "ஒரே ஒரு கொழந்தைங்க. அந்த ரூம நான் பாத்துக்கறனுங்க" என்று கெஞ்சினேன். அவர் கெட்டவரில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணுக்குத் தெறந்தா நாளைக்கு நாப்பது வந்து நிக்குமுங்க. விழுந்து கிழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது? பேசி அனுப்பி உடுங்க. உங்களுக்குத்தான் நல்லாப் பேச வருமே" என்றார். பிறகு, "ஆடிட்டுக்குச் சொன்னத நெசம்னு நெனச்சுட்டு வந்து நிக்குது பாருங்க. அந்தப் புள்ள ஒரு மாதிரி போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம்பியதற்கு இந்தப் பட்டம். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. காப்பகத்துச் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். போய்த் திறந்திருக்கலாம். அதிகமாகப் போனால் அவர் கத்தியிருப்பார். திறக்கவில்லை. நல்லாப் பேச வருமே என்றாரே, அந்தப் பேச்சோடு வேப்பமரத்தடிக்குப் போனேன்.

இதற்கு மேல் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது. தேனியில் அம்மாயியிடம் இருக்கிறது. அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை, பக்கத்து மிஷின்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். சளி பிடித்திருக்கிறது என்றால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அவள் இப்போதும் அதே ஓவர்லாக் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையை விட்டுவிட்டு வந்த புதிதில் டீ நேரமானால் அவள் மார்பில் துணி நனைந்திருக்கும். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குப் போவாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வேப்பமரத்தடியில் நான் நன்றாகத்தான் பேசினேன். கம்பெனியின் கஷ்டம், ஆடிட்டின் தொல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றெல்லாம். அவளுக்கு விஷயம் புரிந்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். வேலையைப் பற்றிக் கேட்பாள், ஏமாற்றிவிட்டாயே என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை. அவள் கேட்டது அது எதுவுமில்லை.

"அப்ப நான் பண்ணின சத்தியம்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது கண்ணு. நீ நம்பித்தான சொன்ன?"

"சாமிக்கு அது தெரியுமா மேடம்? பிள்ள மேலல்ல சொல்லிட்டேன்."

"சத்தியம் கித்தியமெல்லாம் சும்மா. வெறும் வாய்ச்சொல்லு. அதுக்கு என்ன சக்தி இருக்குது?" என்றேன். நான் இப்படித்தான் பேசுவேன். ஆயுத பூஜைக்குக் கேட்டில் பூசணிக்காய் உடைக்கும்போதும், மிஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டும்போதும் எல்லோரையும் கேலி செய்கிறவள் நான்தான். அவளுக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கடையில் சில்லறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதைப்போல, சாதாரணமாகக் கேட்டாள்.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க. அப்பச் சரி. அந்தச் சத்தியத்த நீங்க வாங்கிக்கங்க மேடம். அது ஓம்பிள்ள மேல இல்ல, எம்மக மேலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு அது போதும். பிள்ளைய ஊருல விட்டுட்டு வந்து வேலையப் பாத்துருவேன். வேற எதுவுங் கேக்க மாட்டேன்."

ஒரு வார்த்தை. வெறும் வாய்ச்சொல். அதற்குச் சக்தி கிடையாது என்று அப்போதுதான் சொல்லி வாய் மூடியிருந்தேன். சொல்லியிருக்கலாம். அவள் மனம் ஆறியிருக்கும், எனக்கு ஒன்றும் குறைந்துபோயிருக்காது. நான் வாயைத் திறந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் என் மகள் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற நாள். பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அவள் தூங்குவது கண்ணுக்குள் வந்து நின்றது. "அதெதுக்கு கண்ணு, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று குழறினேன். என் கை என்னை அறியாமல் என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, அவள் முகம் இளகிவிட்டது. எனக்காக இரக்கப்படுகிறாள் என்று தெரிந்தபோது செத்துவிடலாம் போல இருந்தது. எழுந்து, பையைத் தோளில் மாட்டி, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"விடுங்க மேடம். உங்க பிள்ளையும் பிள்ளதானே" என்றாள்.

கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புப் பக்கம் நடந்தாள். நான் உள்ளே வேலைக்குப் போனேன்.